திறமை இருக்கிறது, காத்திருக்கத்தான் வசதி இல்லை

முதலில் கேள்வி என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 23 வயது. அப்பா கூலி வேலை செய்கிறார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். இவர் நன்றாக வரைவார், அனிமேஷனைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார், இரவில் ஒரு கிடங்கில் ஷிப்ட் பார்க்கிறார். வேறொரு நகரத்தில் இருக்கும் ஒரு ஸ்டூடியோ ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு அழைத்திருக்கிறது, சம்பளம் கிடையாது. இவருக்குத் தெரிந்தவர்கள் பலரும் இந்த வழியில்தான் உள்ளே போயிருக்கிறார்கள். "திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது என்கிறார்களே, அப்படியென்றால் நான் தயங்குவது தன்னம்பிக்கைக் குறைவா? இதை விட்டால் அடுத்த வாய்ப்பு வருமா?" என்று கேட்கிறார்.

தன்னம்பிக்கைக் குறைவு இல்லை. நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள், உங்கள் இடத்தில் இருக்கும் யாரும் போட வேண்டிய கணக்கு அது. நான் 17 வருடமாகப் படத்தொகுப்பில் இருக்கிறேன், என் அப்பா சுமை தூக்கும் வேலை பார்த்தவர். நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பழைய நாட்கள் அப்படியே வந்து நின்றன, அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சினிமாவோ பதிப்போ இசையோ ஓவியமோ டிசைனோ, இந்தத் துறைகளுக்குள் நுழையக் கொடுக்க வேண்டிய விலை காத்திருப்பு. முதல் வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு வேலை முடிந்து அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும், செய்து முடித்த வேலைக்குப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டும், ஒன்று சரியாகப் போகாமல் விழுந்துவிட்டால் எழுந்து அடுத்ததைத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த நான்கு காத்திருப்புக்கும் யாராவது செலவு செய்தாக வேண்டும். சிலருக்கு அந்தச் செலவை வீடு தாங்குகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு வீட்டையே நாம்தான் தாங்கிக்கொண்டிருக்கிறோம்.

என் கதையைச் சொன்னால் இது இன்னும் புரியும். நான் உதவியாளராகச் சேர்ந்த அதே வாரம் இன்னொரு பையனும் சேர்ந்தான். இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான், காட்சிகளைப் பிரித்து அடுக்குவது, ஒலியைப் பொருத்துவது, எடிட்டர் வருவதற்குள் ரஃப் கட்டை, அதாவது முதல்கட்டத் தொகுப்பை, தயாராக வைப்பது. ஐந்தாவது மாதம் படம் நின்றுவிட்டது. "மூன்று மாதத்தில் திரும்பத் தொடங்கிவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார் எடிட்டர். அவர் ஏமாற்றவில்லை, அவருக்கே அவ்வளவுதான் தெரியும். அந்தப் பையன் பொறுத்துக்கொண்டான். வீட்டில் இருந்தபடியே நிறையப் படம் பார்த்தான், புது மென்பொருள் ஒன்றைக் கற்றுக்கொண்டான். எனக்கோ அந்த மாத வாடகைக்கே வழியில்லை, அப்பா முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்த நேரம் அது. ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் வேலைக்குப் போனேன். மூன்று மாதம் ஏழு மாதமானது. படம் மறுபடி தொடங்கியபோது எனக்கும் போன் வந்தது, மறுநாளே வர வேண்டும் என்றார்கள். கூரியர் அலுவலகத்தில் பாதி மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தது, சொல்லாமல் நின்றால் அது போய்விடும். நான் போகவில்லை. அவன் போனான். அடுத்த படத்தில் இணை எடிட்டர் என்று அவன் பெயர் வந்தது, நான் அந்த இடத்துக்கு வர மேலும் நாலு வருடம் ஆனது.

இதில் அவன் செய்த தப்பு ஒன்றும் இல்லை, கெட்டிக்காரன், நல்லவனும்கூட. என்னை யாரும் விரட்டவும் இல்லை. "கூப்பிட்டோம், அவன் வரவில்லை" என்பதுதான் அங்கே பதிவான விஷயம். அவர்கள் கண்ணில் எனக்கு ஆர்வம் போதவில்லை. இந்தத் துறையில் வர்க்கம் வர்க்கமாகத் தெரியாது, ஆர்வமின்மை, பொறுப்பின்மை, 'செட் ஆகவில்லை' என்று வேறு வேறு பெயரில்தான் தெரியும். அதனால்தான் நீங்களும் உங்கள் தயக்கத்துக்குத் தன்னம்பிக்கைக் குறைவு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கும் எனக்கும் மட்டும் நடக்கிற விஷயமா என்றால், இல்லை. பிரிட்டனில் இதை விரிவாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஓரியன் ப்ரூக், டேவ் ஓ'பிரையன், மார்க் டெய்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கே இசை, நிகழ்த்துகலை, காட்சிக்கலைத் துறைகளில் உழைக்கும் வர்க்கக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் 18.2 சதவீதம், பதிப்புத்துறையில் 12.6, சினிமா, டிவி, வானொலி சேர்ந்த பிரிவில் 12.4. அந்த நாட்டில் எல்லாத் துறைகளிலும் வேலை செய்பவர்களை எடுத்துக்கொண்டால் அப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே ஆய்வில் வந்த இன்னொரு செய்தி எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. 'திறமையும் உழைப்பும் இருந்தால் போதும்' என்று மிக உறுதியாக நம்பியவர்கள், துறையில் அதிகமாகச் சம்பாதிப்பவர்கள். உங்களிடம் அதைச் சொன்னவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் உழைத்தது உண்மை. உழைத்தது ஞாபகம் இருக்கும், காத்திருந்தபோது யார் சோறு போட்டார்கள் என்பது ஞாபகத்தில் அவ்வளவாக நிற்காது.

கரோல் போரோவியெட்ஸ்கி என்ற பொருளாதார ஆய்வாளர் அமெரிக்காவின் 1850 முதல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தார். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலர் உள்ள குடும்பத்துப் பிள்ளை கலைஞராகும் வாய்ப்பு, 1 லட்சம் டாலர் உள்ள குடும்பத்துப் பிள்ளையைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று வந்தது. 1 லட்சம் டாலர் குடும்பம் ஏழைக் குடும்பம் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதற்கும் கீழே இருப்பவர்களின் நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, 'அந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் தாராளமாக வந்தார்கள், இப்போதுதான் கெட்டுப்போய்விட்டது' என்று ஒரு பேச்சு உண்டு. பிரிட்டனின் கலைத்துறைகளில் 1953 முதல் 1962 வரை பிறந்தவர்களில் உழைக்கும் வர்க்கத்தவர் 16.4 சதவீதம், பின்னால் வந்த தலைமுறையில் அது 7.9 ஆகக் குறைந்தது என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது, செய்திகளிலும் பெரிதாக அடிபட்டது. ஆனால் அதே ஆய்வாளர்கள் சேர்த்துச் சொன்னதைப் பலர் விட்டுவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தச் சமூகத்தில் தொழிலாளர் குடும்பங்களின் பங்கே குறைந்துவிட்டது, அதையும் கணக்கில் எடுத்தால் ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு இருந்த வாய்ப்பு அன்றைக்கும் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. அதாவது கதவு ஒரு காலத்தில் திறந்திருந்து பிறகு மூடவில்லை, முன்பும் இதே அளவுக்குத்தான் திறந்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொற்காலம் ஒன்று இருந்தது என்று நம்பினால் 'அவர்களால் முடிந்ததே, என்னால் ஏன் முடியவில்லை' என்ற சுமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, சம்பளம் இல்லாத வேலை. உங்கள் கேள்வியின் நடு இதுதான். 'கற்றுக்கொடுக்கிறோம், அதற்குப் பதிலாக வேலை செய்கிறாய்' என்பது அதற்குச் சொல்லும் நியாயம். உண்மையிலேயே கற்றுக்கொடுக்கும் இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2011இல் நியூயார்க்கில் ஒரு படத்தின் தயாரிப்பில் இன்டர்னாக இருந்த இரண்டு பேர் ஃபாக்ஸ் சர்ச்லைட் என்ற திரைப்பட நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் செய்த வேலைகளின் பட்டியலில் மதியச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுப்பது, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது, அலுவலக மேஜை நாற்காலிகளைப் பூட்டிப் பொருத்துவது எல்லாம் இருந்தன. இது வேலைதான், சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் என்று 2013இல் நீதிபதி சொன்னார். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டு வேறோர் அளவுகோலை வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பலன் பெறுவது யார், கற்க வந்தவரா, நிறுவனமா? வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் அந்தக் கேள்வியை நீங்கள் உங்கள் ஸ்டூடியோவைப் பார்த்துக் கேட்கலாம். நீங்கள் வரைந்தது வாடிக்கையாளருக்குப் போகிறது, அதற்கு அவர்கள் பில் போடுகிறார்கள் என்றால், அது பயிற்சி இல்லை.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பின் உண்மையான கேடு அந்த ஆறு மாதத்தோடு முடிவதில்லை என்பது என் எண்ணம். அது ஒரு சல்லடை. ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் வேறு ஊரில் வாழ முடிந்தவர்கள் மட்டும் அதன் வழியே விழுகிறார்கள், பிறகு அவர்களுக்குள்ளிருந்துதான் உதவியாளர்கள், அவர்களிலிருந்து தலைமைப் பொறுப்புக்கு வருபவர்கள். பத்து வருடம் கழித்து அந்த அறையில் உட்கார்ந்து யாரை எடுக்கலாம் என்று முடிவு செய்பவர்கள் எல்லோரும் ஒரே சல்லடையில் வந்தவர்கள். அவர்கள் 'நானும் சும்மாதானே வேலை செய்தேன்' என்பார்கள்.

உள்ளே போன பிறகு சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை, பணம் வரும் விதம் அப்படி. ஃப்ரீலான்ஸ் வேலையில் இன்வாய்ஸ் கொடுத்து 30 நாள், 60 நாள், சில இடங்களில் 90 நாள். அந்த 90 நாள் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதே தகராறாகும். 'கிளையன்ட் ஓகே சொன்ன தேதியிலிருந்து' என்பார்கள், கிளையன்ட் ஓகே சொல்ல இரண்டு மாதம் எடுத்துக்கொள்வார். ஒரு முறை ஒரு விளம்பரப் படத்துக்கான பேமென்ட் எனக்குப் பதினோரு மாதம் கழித்து வந்தது, அதற்குள் அதற்காக வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே வரவேண்டியதில் கணிசமான பகுதி கரைந்திருந்தது. பதிப்புலகில் பெரிய முன்பணம் என்று செய்தி வரும், ஆங்கிலப் பதிப்பகங்களில் அது பொதுவாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு பங்கு, கையெழுத்துப் பிரதி ஒப்படைத்தபோது ஒரு பங்கு, புத்தகம் வெளிவரும்போது ஒரு பங்கு என்று வருடக்கணக்கில் பிரிந்து வரும். நியூயார்க் நகரத்தில் 2017இல் ஃப்ரீலான்சர்களுக்காக ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள், 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், ஒப்பந்தத்தில் தேதி இல்லையென்றால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று. இவ்வளவு சாதாரணமான ஒரு விஷயத்துக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்திருக்கும்.

கல்விக் கட்டணம், கருவிகளின் விலை, பெருநகர வாடகை இவற்றையெல்லாம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், உங்களுக்கும் அனுபவத்தில் தெரியும், அதனால் அதைத் தாண்டிப் போகிறேன். பணத்தைவிடக் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

பேச்சு. மீட்டிங்கில் உட்கார்ந்து பேசுகிற முறை. சாம் ஃப்ரீட்மேன், டேனியல் லாரிசன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்குள்ளேயே போய் இதை ஆராய்ந்தார்கள். அங்கே யாரும் கோட் சூட் போடுவதில்லை, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், விளையாட்டாகப் பேசலாம், பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான இடம்போல இருக்கும். ஆனால் அந்த இயல்பான தோரணைக்கே ஒரு இலக்கணம் உண்டு, எந்த அளவுக்குக் கேலி செய்யலாம், எந்தப் படத்தைப் பற்றி எப்படிப் பேசலாம், ஒரு ஐடியாவை எப்போது அரைகுறையாகச் சொல்லலாம் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே வீட்டில் அப்படிப் பேசிப் பழகியவர்களுக்குத்தான் தானாக வரும். எழுதிவைத்த விதி இருந்தால் படித்துக்கொள்ளலாம், எழுதாத விதியை என்ன செய்வது? மேல்நிலைத் தொழில்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தபோது, உழைக்கும் வர்க்கத்திலிருந்து வந்தவர்கள் வசதியான குடும்பத்தினரைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்றும் அவர்கள் கண்டார்கள். அதாவது உள்ளே நுழைந்த பிறகும் கூரை தட்டுகிறது.

இது எனக்கு எப்படி இருந்தது என்றால், நான் ஒரு மீட்டிங்கில் வாயைத் திறக்க மூன்று வருடம் ஆனது. முழுதாக யோசித்து, தவறே இல்லாமல் சொன்னால்தான் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் எனக்கு, ஏனென்றால் அப்பா வேலை பார்த்த இடத்தில் தப்பாகப் பேசினால் அன்றைய கூலி போய்விடும், அந்தப் பயம் எங்கள் வீட்டில் எல்லோருக்குள்ளும் இருந்தது. பக்கத்தில் இருப்பவர் "சும்மா தோன்றியது, தப்பாகக்கூட இருக்கலாம்" என்று தொடங்கி ஏதோ ஒன்றை எடுத்துவிடுவார், அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பேசுவார்கள், கடைசியில் அது அவருடைய ஐடியா ஆகிவிடும். தப்பாகச் சொல்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. இதுவும் காத்திருப்பு மாதிரிதான், விழுந்தால் அடிபடாது என்று தெரிந்தவர்தான் உயரத்தில் விளையாடுவார்.

நீங்கள் எப்படியோ உள்ளே வந்துவிட்டால் இன்னொன்று காத்திருக்கும். 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள், அந்த வறுமை, அந்தப் போராட்டம்' என்பார்கள். முதல் முறை கேட்கும்போது நம் வாழ்க்கைக்கும் மதிப்பிருக்கிறது என்று மகிழ்ச்சியாக இருக்கும். பிறகுதான் புரியும், விண்வெளிக் கதையும் காதல் நகைச்சுவையும் மற்றவர்களுக்கு, நமக்கு அழுகை மட்டும். உங்களுக்கு டிராகன் வரையப் பிடித்திருந்தால் டிராகன் வரையுங்கள், அதற்கான உரிமை உங்களுக்கும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் அம்மா வீட்டு வேலை செய்தவர், பட்லர் எழுதியது அறிவியல் புனைகதை. பாத்திரம் கழுவினார், சிப்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்த்தார், போனில் பொருள் விற்றார், வேலைக்குப் போகும் முன் விடியற்காலை இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து எழுதினார். 1995இல், அமெரிக்காவில் படைப்பாற்றலுக்காகத் தரப்படும் மெக்ஆர்தர் நிதிநல்கையைப் பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர்தான்.

பட்லரின் கதையைச் சொல்லி 'பார், அவர் முடித்தார், நீயும் விடியற்காலையில் எழு' என்று அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மாதிரி எழுந்து எழுதி, உடம்பு கெட்டு, நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது, அவர்கள் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. நேரம் இல்லாமை என்ன வடிவத்தில் படைக்கிறோம் என்பதைக்கூட மாற்றிவிடுகிறது. ரேமண்ட் கார்வரின் அப்பா மர அறுவை ஆலைத் தொழிலாளி. கார்வர் 20 வயதிலேயே இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், மருத்துவமனையில் இரவில் துப்புரவுப் பணி பார்த்தார். ஏன் நாவல் எழுதவில்லை என்பதற்கு அவரே சொன்ன காரணம், நாவலுக்கு வேண்டிய நீண்ட, நிம்மதியான நேரம் தனக்குக் கிடைக்கவில்லை, ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்கக்கூடியதைத்தான் எழுத முடிந்தது என்பது. அவருடைய சிறுகதைகளை இன்றைக்கு உலகம் கொண்டாடுகிறது, எழுதப்படாமல் போன நாவல்களைப் பற்றி யார் பேச முடியும்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. அப்பா அம்மாவுக்கு நம் மேல் நம்பிக்கை இல்லை என்று நாம் கோபப்படுகிறோம். என் அப்பா கடைசிவரை "மாதம் எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்டார், என்ன படம், யார் இயக்குநர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ரொம்ப நாள் அது எனக்கு வலித்தது. பிறகுதான் புரிந்தது, அவர் வாழ்க்கையில் நிச்சயமில்லாத வருமானம் என்றால் அடுப்பு எரியாத நாள் என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த ஆபத்திலிருந்து அவர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். வசதியான வீட்டில் "நீ முயற்சி செய், நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்ல முடிவதற்குக் காரணம் அவர்கள் அன்பு பெரியது என்பதில்லை, அவர்களால் உண்மையிலேயே 'இருக்க' முடிகிறது. நம் வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் மாற்ற முடியாதா என்றால், முடியும், செய்து பார்த்த இடங்கள் இருக்கின்றன. பிரான்சில் சினிமா, நாடகத் துறைகளில் விட்டுவிட்டு வேலை கிடைப்பவர்களுக்கென்று தனி வேலையின்மைக் காப்பீடு உண்டு, 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால் வேலை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை வரும். ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் காத்திருப்பை அது நேரடியாகத் தாங்குகிறது. அயர்லாந்தில் 2022இல் 2,000 கலைஞர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து வாரம் 325 யூரோ கொடுத்தார்கள், எதைப் படைக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லாமல். அவர்கள் சோம்பேறியாகிவிடவில்லை, கலைக்குக் கொடுத்த நேரம் கூடியது. 2026 முதல் அதை நிலையான திட்டமாக்குவதாக அந்த அரசு அறிவித்தது. பிரிட்டனில் 1983இல் நாடு முழுக்க வந்த ஒரு திட்டம் சொந்தத் தொழில் தொடங்குபவர்களுக்கு வாரம் 40 பவுண்டு கொடுத்தது, அதை வைத்துத் தப்பிப் பிழைத்த ஓவியர்களும் இசைக்காரர்களும் உண்டு. ஆனால் சேர்வதற்குக் கையில் 1,000 பவுண்டு இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. இல்லாதவருக்காகப் போட்ட திட்டத்தில் இருப்பதைக் காட்டு என்று கேட்டார்கள், கைமாற்று வாங்கிக் காட்டியவர்கள் பலர். திட்டம் போடுகிறவர் ஏழையாக இருந்து பார்க்காதபோது இப்படித்தான் ஒரு வரி நுழைந்து பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஜேக்கப் லாரன்ஸ். நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பின ஓவியர், அவருடைய அம்மாவும் வீட்டு வேலைக்குப் போனவர்தான். பொருளாதாரப் பெருமந்த காலத்தில், 1935இல், அமெரிக்க அரசு கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அகஸ்டா சாவேஜ் என்ற சிற்பி லாரன்ஸை அங்கே கூட்டிக்கொண்டு போனார், வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரன்ஸ் அதை மறந்தேவிட்டார். சாவேஜ் மறக்கவில்லை, 21 வயது ஆனதும் மறுபடி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். வாரம் 23 டாலர் 86 சென்ட். 1941இல், 23 வயதில், அவர் முடித்த 60 ஓவியங்களின் தொடரை இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் பகிர்ந்து வாங்கின. அந்த அம்மையார் இரண்டாவது முறை அழைத்துப் போயிருக்காவிட்டால் தான் ஓவியராகியிருக்க மாட்டேன் என்று லாரன்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். திறமை இரண்டு முறையும் ஒன்றுதான், இடையில் மாறியது ஒரு வாரச் சம்பளமும் நினைவு வைத்திருந்த ஒரு மனுஷியும்.

இனி உங்கள் முடிவு. ஒரு தாள் எடுத்து, ஆறு மாதத்துக்கு அங்கே வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, அதோடு இப்போது வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் பணம், அதோடு இன்டர்ன்ஷிப் முடிந்து வேலை தேட மேலும் மூன்று மாதம், எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்த ஒன்பது மாதத் தொகை கையில் இல்லையென்றால், கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பது என் வெளிப்படையான கருத்து. கடனோடு போனவர் நாலாவது மாதம் எதற்கும் தலையாட்டும் நிலைக்கு வந்துவிடுவார், நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் மறுத்து எழுதும் முன் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மாதச் செலவுக்காவது ஒரு தொகை தர முடியுமா, வாரம் மூன்று நாள் மட்டும் வரலாமா, பாதி வேலையை வீட்டிலிருந்து செய்யலாமா, நான் செய்வது வாடிக்கையாளர் வேலையில் சேருமா, சேர்ந்தால் பெயர் போடுவீர்களா, போன வருடம் வந்த இன்டர்ன்களில் எத்தனை பேரைச் சம்பளத்துக்கு எடுத்தீர்கள். பணிவாக, சுருக்கமாக, மன்னிப்புக் கேட்காமல் எழுதுங்கள். கேட்டால் வாய்ப்பைப் பறித்துவிடுவார்களோ என்று பயம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கே கோபித்துக்கொள்ளும் இடத்தில் ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதையும் அந்தப் பதிலே சொல்லிவிடும்.

அவர்கள் மறுத்தால், நான் திரும்பி வந்த வழியைச் சொல்கிறேன். கூரியர் வேலையிலிருந்து நான் நேராக சினிமாவுக்குத் திரும்பவில்லை, ஒரு நிறுவனத்தில் ஊழியர் பயிற்சிக்கான வீடியோக்களை எடிட் செய்யும் வேலைக்குப் போனேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலை இல்லை, ஆனால் மாதச் சம்பளம், அதே மென்பொருள், ஆறு மணிக்கு வீடு. அந்த மாலை நேரங்களில் வெட்டிய இரண்டு குறும்படங்கள்தான் என்னை மறுபடி உள்ளே கொண்டுவந்தன. உங்கள் துறையிலும் அப்படி ஓரத்தில் வேலைகள் உண்டு, பாடப்புத்தக நிறுவனங்களுக்கு அனிமேஷன், விளம்பரங்களுக்கு மோஷன் கிராபிக்ஸ், ஸ்டூடியோக்களிலேயே ரெண்டரிங்கை, அதாவது கணினி இறுதிப் படங்களை உருவாக்கித் தருவதை, கவனித்துக்கொள்ளும் சம்பள வேலை. கிடங்கிலிருந்து அப்படி ஒன்றுக்கு மாறுவது உங்கள் அடுத்த படியாக இருக்கட்டும். அப்புறம், ஐந்தாறு அரைகுறை வேலைகளை வைத்திருப்பதைவிட 40 விநாடி ஓடும் ஒன்றை முழுதாக முடித்து ஷோரீலின், அதாவது வேலை கேட்கும்போது காட்டும் மாதிரித் தொகுப்பின், முதலில் வையுங்கள், தேர்ந்தெடுப்பவர்கள் முதல் சில விநாடிகளுக்கு மேல் பார்ப்பது அபூர்வம்.

இது எதுவும் அந்தச் சல்லடையை மாற்றாது, உங்களுக்கு மட்டும் ஒரு சுற்றுவழி காட்டும், அவ்வளவுதான். அந்த மெயிலை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன். ஸ்டூடியோவின் பதில் எழுத்தில் வரும்வரை கிடங்கு வேலையை விட வேண்டாம்.